மூலிகை அறிவோம்: பாலைவனத்து எருக்கலை



சென்ற வெள்ளிக்கிழமை, துபாய் சத்வாவில் வசிக்கும் தாயார் ஒருவர் முழங்கால் வீக்கத்துக்குக் கட்டுவதற்கென எருக்கலை இலைகளை ஒடித்து வந்திருந்தார். அவருடைய பேரப்பிள்ளையோ அருகிலிருந்து காம்பிற் கசிந்த பாலைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது. கண்ட என் நெஞ்சு திடுக்கிட்டது.

ஊரில் வேலியோரம் நாம் கண்ட எருக்கலையும் இதுவும் ஒன்றல்ல. ஒரே குடும்பத்து உறவுகள். நம்மூர்ச் செடி கலோட்ரோபிஸ் ஜைகாண்டியா. விரிந்த இதழ்களையுடைய வெள்ளை அல்லது ஊதாப் பூக்களைக் கொண்டது. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வரை பரவியுள்ளது. இங்குள்ளது கலோட்ரோபிஸ் புரோசெரா. இதன் வெள்ளை இதழ்கள் நிமிர்ந்து, நுனி மட்டும் ஊதாவாயிருக்கும். ஆபிரிக்கா முதல் அரேபியா ஊடாக இந்தியா வரை இயற்கையாக வளரும் இதனை அரபியர் 'உஷர்' என்பர். ஆழ்ந்த வேர் வறட்சியைத் தாங்கும். பச்சை இலையை ஆடும் ஒட்டகமும் பெரும்பாலும் தொடாமையால், மேய்ந்து வெறுமையான நிலத்திலும் இது எஞ்சி நிற்கிறது.

இலையை வாட்டி வீக்கத்துக்கு ஒற்றடமிடுவது இரு செடிக்கும் பொதுவான பழைய கைமருந்து. ஆயினும் இரண்டின் பாலும் நஞ்சே. இதயத்தைத் தாக்கும் பொருள்கள் அதிலுள்ளன. கண்ணிற் பட்டால் வலி அதிகமின்றியே பார்வை மங்கக்கூடும். வலியில்லையென வாளாவிருக்கலாகாது. உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, கண் மருத்துவரை நாடுங்கள். வீட்டில் எவருக்கும் இதனை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு இச்செடியின் பெயரைச் சொல்லிக் கொடுக்கும்போது, பாலின் கொடுமையையும் சேர்த்தே சொல்லுங்கள்.