எழுத்துப் பலகை சொல்லாதது

கண் வைத்தியரிடம் சென்றோர் யாவரும் அப்பலகையை அறிவர். மேலே பெரியதோர் எழுத்து. கீழே வர வர எழுத்துக்கள் சிறுத்துச் செல்லும். ஒல்லாந்து தேசத்து வைத்தியர் ஹெர்மன் ஸ்னெலன் 1862ஆம் ஆண்டில் அதனை ஆக்கியளித்தார். சிறிய எழுத்துக்களையும் பிழையின்றி வாசித்துவிட்டால் கண்ணுக்குக் குறையில்லையென்று மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். ஆயின், சார்கொயிடோசிஸ் என்னும் நோய் கண்ணைப் பற்றியவர்களுக்கு அப்பலகையின் சாட்சி போதாது.

இந்நோயில் உடலின் உறுப்புக்களில் அழற்சிக் கலங்கள் திரண்டு சிறு சிறு முடிச்சுக்களாகின்றன. காரணம் இன்னும் தெளிவாகவில்லை. பெரும்பாலும் சுவாசப்பையையே நாடும் இந்நோய், பலருக்குக் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. டென்மார்க்கு நாட்டுக் கண் வைத்தியர் ஹீர்ஃபோர்ட் 1909இல், கண்ணழற்சியும் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமும் காய்ச்சலும் ஒருங்கே தோன்றுவதை விவரித்து எழுதினார். அது இந்நோயின் ஒரு வடிவமே என்பது பின்னரே துணியப்பட்டது.

கதிராளியும் அதனையடுத்த படையும் அழன்றால் வெளிச்சமே பகையாகும். முற்றத்து வெயிலில் நிற்கவியலாது. பார்வையிலே கரும்புள்ளிகள் மிதக்கும். இன்று மங்கிய கண் சின்னாளில் தெளியும், மீண்டும் மங்கும். வீட்டாரோ, "நேற்று வாசித்தீர்களே, இன்று என்ன வந்தது?" என்று ஐயுறுவர். நோயினும் இந்த ஐயமே பெரிதும் வருத்துமென்பது நம் எண்ணம். கண்ணீர்ச் சுரப்பி பழுதுற்றவருக்கோ கண் வரண்டு உறுத்தும். அரைமணி நேர வாசிப்பும் பாரமாகும். இரவில் கொப்பிகளைத் திருத்தும் நமக்கு அதன் கொடுமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது.

இவ்வகை இடர்களை அளப்பதற்கென்றே அமெரிக்கத் தேசியக் கண் நிறுவகத்தின் வினாக்கொத்து ஒன்று உளது. அதில் 25 வினாக்கள். பத்திரிகை எழுத்தை வாசிக்க முடிகிறதா? மங்கிய ஒளியில் படியிறங்க முடிகிறதா? பிறர் துணையை எவ்வளவு நாடவேண்டியிருக்கிறது? நம் உள்ளத்தைத் தைத்த வினா வேறொன்று: நீங்கள் பேசும்போது கேட்பவர் முகத்தில் தோன்றும் மாறுதலைக் காண முடிகிறதா? எழுத்துப் பலகை இதனைக் கேட்பதில்லை.

சிகிச்சையிலும் ஒரு சங்கடம் உண்டு. அழற்சியைத் தணிக்கும் ஸ்டெரோயிட் துளிகளே, நெடுநாள் வார்த்தால், கண்புரையையும் கண்ணின் உள்ளமுக்கத்தையும் வளர்க்கக் கூடும். ஆகவே மருந்தைத் தாமாக நிறுத்துதலும் ஆகாது, தாமாகத் தொடருதலும் ஆகாது.

இன்னுமொன்று. கண் சிவவாமலும் நோவாமலும் உள்ளே அழற்சி நிகழ்வதுண்டு. அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்நோய் கண்டவர்கள் கண்ணில் யாதொரு குறையும் உணராதவிடத்தும் ஒருமுறை கண் வைத்தியரிடம் காட்டிக்கொள்ளுமாறு ஆலோசனை கூறியுள்ளது.