இன்னும் ஆறு நொடி

பச்சை விழுந்து அம்மா பாதி ரோடு தாண்டவில்லை, அதற்குள் ஆரன். போகிற போக்கில் ஒரு பைக்காரர், "பாட்டீ, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்கிறார். சொல்லிவிட்டுத்தான் வந்தார் ஐயா. மருந்துக் கடை எதிர்ச்சாரியில் இருந்தால் அவர் என்ன செய்வார்?

சிக்னலில் நடப்பவருக்கு நேரம் ஒதுக்கும்போது நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்குப் போடுவது பல நாடுகளிலும் வழக்கம். திடகாத்திரமான ஆளுக்கு அது சரி. எண்பதை நெருங்குகிறவர்களில் பலர் 0.8 மீட்டரைத் தாண்டுவதில்லை. நான்கு வழிச் சாலை ஏறத்தாழ 14 மீட்டர். கணக்குப்படி 12 நொடி போதும். அந்த 12 நொடியில் அம்மா பத்து மீட்டர்கூட வந்திருக்கமாட்டார். மிச்சத்தை, உறுமிக்கொண்டு நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் நடக்க வேண்டும். அமெரிக்காவில் 2009-லேயே இந்தக் கணக்கை நொடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்துவிட்டார்கள்.

"கொஞ்சம் எட்டி வைங்களேன்" என்று உபதேசம் வேறு. எப்படி எட்டி வைப்பது? கெண்டைக்கால் தசை பாதத்தை உந்தித் தள்ளினால்தான் அடி நீளும். வயதாக ஆக அந்த உந்துதல் குறைகிறது. அதன் வேலையையும் இடுப்பே இழுத்துப் போட்டுக்கொள்கிறது. அடி குறுகி, இரண்டு பாதமும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. விழாமலிருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் சில முதியவர்கள் நின்றுவிடுவார்கள். அப்படி நிற்பவர்களுக்குப் பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-ல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாமோ நடுரோட்டில் வைத்துத்தான், "சீக்கிரம் வாங்க, வண்டி வருது பாருங்க" என்று கத்துகிறோம்.

பேத்தி கதை இன்னொன்று. ஒன்றரை வயது. இடுப்பில் இருக்கமாட்டாள், இறக்கிவிடச் சொல்லி அடம். இறக்கினால் காலை அகட்டி, கையைத் தூக்கிக்கொண்டு, முழுப் பாதத்தையும் தொப்பென்று வைத்து நடை. குதிகாலை முதலில் ஊன்றும் பழக்கம் இரண்டு வயதை ஒட்டித்தான் படியும். பெரியவர்களின் நடை கூடிவர ஏழு வயதாவது ஆகும். நியூயார்க்கில் நடைபழகும் குழந்தைகளைக் கவனித்து எண்ணினார்கள்: மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து, 17 தடவை விழுகிறார்கள். விழுந்து பழகவும் இடம் வேண்டுமே!

எங்கள் பிளாட்பாரத்தில் முதலில் டிரான்ஸ்பார்மர், அடுத்து யாரோ நிறுத்திய கார், அதற்கும் அப்பால் பெயர்ந்த கல். விளிம்பு 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. இங்கே அது அம்மாவுக்கு மலை, பேத்திக்குச் சுவர். பைக் மட்டும் எப்படியோ ஏறிவிடுகிறது.

ஆக, முழங்கால் வலிக்காத, கையில் பையோ பிள்ளையோ இல்லாத, முப்பது வயது ஆளை மனதில் வைத்துப் போட்ட ரோடு இது. அந்த ஆளோ வண்டி வாங்கிவிட்டார், நடப்பதே இல்லை.

அம்மா பத்திரமாக அக்கரை சேர இன்னும் ஆறு நொடி பச்சை வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் ஆரன் அடித்துத் தீர்க்கிற நேரம்கூட இல்லை அது.