எந்தப் பயனராக இணைகிறீர்கள்?

ரீடூல், ஆப்ஸ்மித், டூல்ஜெட் என்று உள்செயலி, அதாவது ஓர் அமைப்பு தனக்குள் மட்டும் பயன்படுத்தும் செயலி, கட்ட உதவும் தளங்கள் எல்லாம் தரும் வாக்குறுதி ஒன்றுதான்: கிளவுடில் இருக்கும் உங்கள் தரவுத்தளத்தை ஐந்து நிமிடத்தில் இணைத்துவிடலாம். பொய் இல்லை. ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளத்தின் பெயர், யூசர், பாஸ்வேர்ட். ஐந்து பெட்டிகள், கீழே சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான். அழுத்திப் பச்சை வந்துவிட்டால் திரையை வடிவமைக்கப் போய்விடுகிறோம். அந்தப் படிவத்தின் பக்கம் பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. போர்ட் 5432தானா என்று சரிபார்க்கும் அளவுக்குக்கூட நாலாவது பெட்டியைப் பற்றி யோசிப்பதில்லை. தரவுத்தளத்தை உருவாக்கும்போது கிளவுட் சேவை கொடுத்த மாஸ்டர் யூசரின் பெயரையே அதில் ஒட்டிவிடுகிறோம்.

பெரிய நிறுவனத்தில் இதைத் தட்டிக்கேட்கப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கும். ஜவ்வாது மலையில் வேலை செய்யும் சிறிய அமைப்புக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த மலையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூரும் சுற்றியுள்ள ஊர்களும் திருவண்ணாமலையில். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூன்றும் திருப்பத்தூரில். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஒன்றியத்தில். இங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் சாமை விதைக்கிறார்கள். புளியும் தேனும் சேகரித்து விற்கிறார்கள். நகர வெளிச்சம் எட்டாத இடம் என்பதால்தான் காவலூரில் வானாய்வகம் அமைந்தது. ராஜீவ் காந்தி 1986-ல் திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. வானியலாளருக்கு வாய்ப்பாக அமைந்த அதே ஒதுக்குப்புறம், செல்பேசியில் சிக்னல் தேடுபவருக்கு வாய்ப்பாக இல்லை.

புளிக் காலத்தை வைத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் அமைப்பு தன் உறுப்பினர்களிடம் கொள்முதல் செய்கிறது. உறுப்பினர் பெயர், ஊர், மூட்டை எண்ணிக்கை, எடை, விலை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் பதிவாகின்றன; ஏதோ ஒரு மானியத்துக்காகக் கேட்ட சாதிச் சான்றிதழ் எண்ணும் அதே டேபிளில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கும். ஜமுனாமரத்தூர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு வேண்டியது ஒரே திரை: இன்று வந்த மூட்டைகள், இன்னும் பணம் போகாதவர்களின் பெயர்கள், பணம் போனதும் அழுத்த ஒரு பொத்தான். சென்னையிலிருந்து வரும் தன்னார்வலர் ஒருவர் சனி, ஞாயிறில் இதைக் கட்டிக் கொடுத்துவிடுவார். நல்ல காரியம்தான். எக்செல் கோப்பு வாட்ஸப்பில் ஊர் சுற்றுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் திரைக்குப் பின்னால் போவது மாஸ்டர் யூசரின் இணைப்பு என்றால், ஒரே ஒரு பொத்தான் உள்ள அந்தத் திரைக்கு டேபிளையே அழிக்கும் அதிகாரம் இருக்கிறது. திரையில் இல்லாத பொத்தான் தரவுத்தளத்திலும் இல்லை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

சாவி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிளவுடில் நடக்கும் தளத்தில் இணைத்தால், உங்கள் பாஸ்வேர்ட் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 27 அன்று, ஐடி பிரிவிலிருந்து வருவதுபோல ஒரு குறுஞ்செய்தி ரீடூல் ஊழியர்கள் பலருக்குப் போனது. ஒருவர் இணைப்பைச் சொடுக்கினார். அடுத்து, சக ஊழியரின் குரலைப் போலவே செய்யப்பட்ட குரலில் ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண்ணும் கைமாறியது. 27 வாடிக்கையாளர்களின் கிளவுட் கணக்குகளுக்குள் ஆள் நுழைந்தாயிற்று. சொந்த சர்வரில் ரீடூலை நிறுவியிருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. குறிவைக்கப்பட்டவை கிரிப்டோ நிறுவனங்கள்; புளி மூட்டைக் கணக்கை அப்படி யாரும் தேடி வரமாட்டார்கள் என்று சொல்லலாம்தான். அதற்கு 2021-ஐப் பதிலாகச் சொல்வேன். அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸ் போர்ட்டல்களில் 47 அமைப்புகளின் 3.8 கோடிப் பதிவுகள் திறந்து கிடந்ததை அப்கார்டு என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. கோவிட் தொடர்புத் தடமறிதல் விவரங்களும் அவற்றில் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. டேபிள் அனுமதியை இயக்க வேண்டும் என்பது கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை. தளமும் அதைத் தானாக இயக்கி வைக்கவில்லை. அங்கே யாரையும் குறிவைக்கவே தேவைப்படவில்லை.

ஆகவே நாலாவது பெட்டிக்கு வருவோம். செயலிக்கென்று தனியாக ஒரு யூசர் வேண்டும். கணக்குப் பார்ப்பவரின் திரைக்குத் தேவையான பத்திகளை மட்டும் வைத்து ஒரு வியூ உண்டாக்கி, அதன்மேல் வாசிக்கும் உரிமை. சாதிச் சான்றிதழ் எண் அந்த வியூவில் இருக்கவே வேண்டாம். வங்கிக் கணக்கில் கடைசி நாலு எண் போதும். பணம் போயிற்றா என்பதைக் குறிக்கும் பத்தியை மட்டும் மாற்றும் உரிமை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பத்திவாரியாக அப்டேட் உரிமை கொடுக்க முடியும் என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. எடையைத் திருத்தும் அதிகாரம் இந்தத் திரைக்கு இல்லை என்று தரவுத்தளமே சொல்லிவிட்டால், திரையை நாளை யார் எப்படி மாற்றினாலும் எடை மாறாது. மூன்று கட்டளை, பத்து நிமிடம்.

யார் எந்த வரிசைகளைப் பார்க்கலாம் என்பதுதான் கொஞ்சம் சிக்கலானது. வரிசைவாரிப் பாதுகாப்பு போஸ்ட்கிரெஸ் 9.5-இல், 2016 ஜனவரியில் வந்தது. மாவட்டப் பணியாளர் தன் மாவட்டத்து ஊர்களை மட்டும் பார்க்கட்டும் என்று விதி எழுதுவது எளிது. எழுதிய பிறகும் எல்லாம் தெரிகிறதே என்று குழம்புபவர்கள் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். டேபிளின் உரிமையாளரை இந்த விதி கட்டுப்படுத்தாது; அவருக்கும் பொருந்த வேண்டுமானால் அதைத் தனியாக வலியுறுத்த வேண்டும். வியூ என்பது அதை உண்டாக்கியவரின் உரிமையில்தான் ஓடும். அழைப்பவரின் உரிமையில் ஓடச் செய்யும் வசதி 15-ஆம் பதிப்பில், 2022-இல்தான் சேர்ந்தது. நான் மேலே பரிந்துரைத்த வியூவே விதியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் என்று அர்த்தம். மூன்றாவது, உள்செயலித் தளம் எத்தனை பேர் உள்ளே வந்தாலும் ஒரே யூசராகத்தான் தரவுத்தளத்தில் நுழைகிறது. வந்திருப்பது யார் என்பதை ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்குள்ளும் தனியாகச் சொல்ல வேண்டும், அதன் முடிவோடு அது அழியவும் வேண்டும். இல்லையென்றால், இணைப்புகளைப் பகிர்ந்து பயன்படுத்தும் இடத்தில் முன்னவரின் அடையாளம் பின்னவருக்குப் போய்ச் சேரும்.

ஜவ்வாது மலையில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. புதூர்நாடு 2019 நவம்பர் 28 வரை வேலூர் மாவட்டம். அன்றுதான் திருப்பத்தூர் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலை இறக்கி, மாவட்டப் பெயரை வைத்து விதி எழுதினால், திருப்பத்தூர் பணியாளருக்குத் திரை காலியாக இருக்கும். வேலூர் பணியாளர் தனக்குச் சம்பந்தமில்லாத குடும்பங்களின் விவரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிழைச் செய்தி எதுவும் வராது. ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவுக் குறியீட்டை ஊருக்குச் சாவியாக வையுங்கள். எந்த ஊர் எந்த மாவட்டம் என்பதைத் தேதியோடு தனி டேபிளில் வையுங்கள். விதி அந்த டேபிளைக் கேட்கட்டும்.

வலையமைப்புப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தளம் வெளியிடும் நிலையான ஐபி முகவரிகளை மட்டும் அனுமதிக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0/0 என்று, அதாவது எல்லா முகவரிக்கும் அனுமதி என்று போட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். எஸ்எஸ்எல் அமைப்பில் ‘ரிக்வயர்’ என்பது போகும் வழியைக் குறியாக்கம் செய்யும், எதிரே இருப்பது உங்கள் சர்வர்தானா என்று பார்க்காது. அதற்கு ‘வெரிஃபை-ஃபுல்’ வேண்டும். சான்றிதழ் காலாவதியாகும் நாளையும் குறித்துவையுங்கள். அமேசான் ஆர்டிஎஸ்-இன் 2019-ஆம் ஆண்டுச் சான்றிதழ் 2024 ஆகஸ்டில் முடிந்தது.

மலையில் உறுத்துவது வேகம். ஊரைத் தேர்ந்தெடுக்கத் திரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. பீஞ்சமந்தை என்று தேர்ந்தெடுத்தால் பன்னிரண்டு பெயர் வருகிறது. பிரவுசரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பாருங்கள். குவெரி எல்லா வரிசைகளையும் எல்லாப் பத்திகளையும் இழுத்துவந்து கொட்டியிருக்கிறது; வடிகட்டுவது பிரவுசரில் நடக்கிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் அது நிமிடக் கணக்கில் சுற்றும் சக்கரம். அதைவிட மோசம், அனைவரின் வங்கிக் கணக்கும் அந்தக் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. திரை அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான். வடிகட்டுவதும் பக்கம் பிரிப்பதும் குவெரியிலேயே நடக்க வேண்டும். தரவுத்தளம் மும்பையிலும் தளத்தின் சர்வர் அமெரிக்காவிலும் இருந்தால், ஜமுனாமரத்தூரில் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானுக்கும் தரவு கடல் கடந்து போய்வருகிறது. ஆப்ஸ்மித், டூல்ஜெட் இரண்டையும் சொந்த சர்வரில், தரவுத்தளம் இருக்கும் அதே மண்டலத்தில் நிறுவலாம். பராமரிக்க ஆள் இருந்தால் என் ஓட்டு அதற்கே. ஆள் இல்லையென்றால், புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் சொந்த சர்வரைவிடக் கிளவுட் தளம் தேவலை.

கொள்முதல் நடக்கும் இடத்தில் எடை பதிவதற்கு உள்செயலித் தளத்தைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. இவை அலுவலக மேசைக்காகச் செய்யப்பட்டவை. இணைப்பு அறுந்தால் திரை செத்துவிடும். 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே போன்ற கருவிகள் படிவத்தைக் கைபேசியிலேயே சேமித்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்புகின்றன. மலையில் பதிவுக்கு அது, அலுவலகத்தில் பார்வைக்கும் ஒப்புதலுக்கும் உள்செயலி, நடுவில் தரவுத்தளம். கைபேசியிலிருந்து தரவுத்தளத்துக்குப் பாலத்தை நீங்களே கட்டினால் ஒரு கண்ணியை மறக்காதீர்கள். பதிவு போய்ச் சேர்ந்த பிறகு, ‘வந்தது’ என்ற பதில் திரும்பும் முன் சிக்னல் போய்விட்டால் கைபேசி அதே பதிவை மறுபடி அனுப்பும். ஒரே மூட்டைக்கு இரண்டு முறை பணம். பதிவு பிறக்கும்போதே கைபேசி அதற்கு ஒரு தனித்த அடையாள எண்ணைக் கொடுத்து, தரவுத்தளத்தில் அந்தப் பத்தியை யூனிக் ஆக்கி, ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே என்று இன்சர்ட்டில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ என்ற அந்த வசதியும் அதே 9.5 பதிப்பில் வந்ததுதான்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். சிறு அமைப்பின் தலையில் முழுத்தொகையும் விழும் என்றும் நான் சொல்லவில்லை. மாஸ்டர் யூசரைச் செயலிக்குக் கொடுத்திருந்தோம் என்பதை நியாயமான ஏற்பாடு என்று எந்த விசாரணையிலும் சொல்லி நிற்க முடியாது.

கடைசியாக, அந்தத் தன்னார்வலர். ஒரு நாள் வேறு வேலைக்குப் போய்விடுவார். தளத்தின் கணக்கு அவர் மின்னஞ்சலில், கிளவுட் பில் அவர் அட்டையில், பாஸ்வேர்ட் அவர் மடிக்கணினியில். போகும் நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்றால் செயலி நின்றுவிடுமோ என்று பயந்து யாரும் கைவைக்க மாட்டார்கள். முதல் நாளிலேயே இப்படிச் செய்துவையுங்கள்: உரிமைகள் அனைத்தையும் லாகின் இல்லாத ஒரு குழு ரோலுக்குக் கொடுங்கள், செயலி நுழையும் யூசர் அதில் வெறும் உறுப்பினர். பாஸ்வேர்ட் மாற்ற வேண்டிய நாளில் இரண்டாவது யூசரை உண்டாக்கி அதே குழுவில் சேருங்கள். தளத்தின் படிவத்தில் நாலாவது, ஐந்தாவது பெட்டிகளை மாற்றுங்கள். பழைய யூசர் பெயரில் ஓர் இணைப்பும் மிச்சமில்லை என்று ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’யில் பார்த்துவிட்டு அதை நீக்குங்கள். கொள்முதல் நடந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம், ஒரு மூட்டைகூட நிற்காது.