ஆளுநர் இல்லக் கதவு

பதவி ஓர் அமானிதம் என்பது இஸ்லாமிய ஆட்சிநெறி. கலீபா உமர் அவர்கள் (634–644) ஆளுநரை நியமிக்குங்கால் அவர்தம் உடைமைகளைக் கணக்கெழுதி வைப்பாராம். பின்னர்ச் செல்வம் மிகுந்திருப்பின், மிகுதியிற் பாதி பொதுநிதிக்குச் சேரும். எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸும் இதற்குத் தப்பவில்லை.

ஆயினும் நாம் அடிக்கடி நினைப்பது கூபா நகரத்துக் கதவையே. அந்நகரை நிறுவிய ஆளுநர் சஅத், சந்தை இரைச்சல் பொறாது தம் மாளிகைக்குக் கதவிட்டார். முறையிட வருவோரை அது தடுக்குமென அஞ்சிய உமர், முஹம்மத் இப்னு மஸ்லமாவை அனுப்பி அதனை எரிப்பித்தார் என்பர் அரபு வரலாற்றாசிரியர்.

"இரைச்சலைத் தாங்கமாட்டாமை குற்றமா?" என வகுப்பில் மாணவனொருவன் வினவினான். குற்றமன்றுதான்; சஅத்மீது நமக்கும் இரக்கமுண்டு. ஆனால், கந்தோர் வாயிலிற் காலைமுதற் காத்துநின்று வெறுங்கையுடன் திரும்பியவர் எவரும் கலீபாவின் பக்கமே சாய்வர். கதவை எரித்தவருக்குச் சஅத் வழிச்செலவு கொடுக்க முன்வந்தார்; அவரோ அதனை வாங்காமலே மதீனா திரும்பினார்.