நிவாரணப் பட்டியலில் இல்லாத சக்கர நாற்காலி

வெள்ளத்தில் ஒரு கறவை மாடு இறந்தால் உரிமையாளருக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000, கோழிக்கு ரூ.100. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து செலவிட மத்திய உள்துறை அமைச்சகம் 2022-26 காலத்துக்கு வகுத்த நெறிமுறையின் கணக்கு இது. வீடிழந்தோரின் துணிமணிக்கும் பாத்திரங்களுக்கும் தலா ரூ.2,500 உண்டு. மீனவரின் படகுக்கும் வலைக்கும்கூட இனம் உண்டு. பேரிடரில் கை, கால், கண் இழந்தவருக்குப் பாதிப்பின் அளவைப் பொறுத்து ரூ.74,000 அல்லது ரூ.2.5 லட்சம். ஆனால், ஏற்கெனவே நடக்க இயலாதவரின் சக்கர நாற்காலி வெள்ளத்தோடு போனால், அதை ஈடுசெய்ய அந்தப் பட்டியலில் இனம் இல்லை.

இது கருணைக் குறைவால் நேர்ந்தது என்று நான் கருதவில்லை. உறுப்பிழப்பைப் பேரிடரின் விளைவாக மட்டுமே நெறிமுறை பார்க்கிறது. அந்த இழப்போடு வாழ்ந்துகொண்டே பேரிடரைச் சந்திக்கும் மனிதர் அதன் பார்வையில் படவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் வறுமையைப் பற்றி எழுதுகையில் அமர்த்திய சென் இரண்டு தடைகளைப் பிரித்துக் காட்டினார். பணம் ஈட்டுவதில் உள்ள தடை ஒன்று; ஈட்டிய பணத்தை நல்வாழ்வாக மாற்றிக்கொள்வதில் உள்ள தடை மற்றொன்று. வகுப்பில் இதை நடத்தும்போது முதலாவது மாணவர்களுக்கு உடனே விளங்கிவிடும். இரண்டாவதற்குத்தான் எடுத்துக்காட்டு தேட வேண்டியிருக்கும். நிவாரண விநியோகத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அதற்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூ.6,000, நியாயவிலைக் கடைகள் வழியே ரொக்கமாக வழங்கப்பட்டது. தொகை அனைவருக்கும் ஒன்றே. ஆனால், கடைவரை செல்ல ஆட்டோ பிடிக்க வேண்டியவருக்கும், துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவருக்கும் கையில் மிஞ்சுவது ரூ.6,000 அன்று. வரிசையும் ஒரு விலைதான். நிற்க முடிந்தவர் குறைவாகவும், நிற்க இயலாதவர் மிகுதியாகவும் செலுத்தும் விலை. முகாமின் கழிப்பறைக்குப் படியேற முடியாதவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். ஒலிபெருக்கியில் வரும் வெள்ள எச்சரிக்கை காது கேளாதவருக்கு எச்சரிக்கையே ஆகாது.

சட்டத்தில் பெரிய குறை இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவு, போர்க்காலத்திலும் பேரிடர்க் காலத்திலும் அவர்களின் பாதுகாப்பை அரசுகளின் கடமையாக்குகிறது. இந்தியா அதை 2007-இல் ஏற்றது. நமது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். ஆபத்து நெருங்கும்போது அவர்களுக்குத் தெரிவிக்கத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 2019-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பன்னாட்டு உதவி அமைப்புகளின் கூட்டுக் குழுவும் அதே ஆண்டில் வெளியிட்டது.

சிக்கல் ஒருங்கிணைப்பில் இருக்கிறது. பன்னாட்டு உதவிப் பணிகளில் உணவு, குடிநீர், உறைவிடம், சுகாதாரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு துறைக்குழு உண்டு. மாற்றுத்திறனாளிகளோ எல்லாக் குழுக்களுக்கும் ‘பொதுவான’ பொருள். பொதுவான கோப்புக்கு என்ன கதி நேரும் என்பது அரசு அலுவலகம் ஏறி இறங்கிய எவருக்கும் தெரியும்.

ஜப்பானின் பட்டறிவு இங்கே பயன்படும். 2011 மார்ச் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. யார் யார் எங்கே வசிக்கிறார்கள் என்ற விவரம் நகராட்சிகளிடம் இல்லாமல் இல்லை. உதவ முன்வந்த அமைப்புகள் கேட்டபோது, தனியுரிமைச் சட்டத்தைக் காட்டிப் பல நகராட்சிகள் மறுத்தன. புகுஷிமா மாகாணத்தின் மினாமிசோமா நகரம் விதிவிலக்காக, மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளிடம் தன் பட்டியலைக் கொடுத்தது. அவர்கள் வீடு வீடாகச் சென்று தேட முடிந்தது. 2013-இல் சட்டம் திருத்தப்பட்டது. உதவி தேவைப்படுவோரின் பட்டியல் தயாரிப்பது நகராட்சிகளின் கடமையாயிற்று. உயிராபத்து நேரும்போது ஒப்புதல் இன்றியே அதைப் பகிரவும் வழி செய்யப்பட்டது. 2021-இல், ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் வகுக்க முயல வேண்டும் என்ற பொறுப்பும் சேர்ந்தது: இன்னார் வீட்டுக்கு இன்னார் செல்வார், இன்ன வண்டியில், இன்ன இடத்துக்கு.

நம்மிடமும் பட்டியல் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் ரூ.2,000 ஆக உயர்த்தப்பட்டது. மாதந்தோறும் பணம் அனுப்ப முடிகிறதென்றால் பெயரும் முகவரியும் வங்கிக் கணக்கும் அரசின் கையில் இருக்கின்றன என்றுதானே பொருள்? அந்த விவரம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம் உள்ளது. மீட்புப் படகு வருவாய்த்துறையின் பொறுப்பில் செல்கிறது. இரண்டும் மழைக்கு முன்பே சந்திக்க வேண்டும். வரிசையில் நிற்க இயலாதவருக்கு நிவாரணத் தொகையையும் அதே கணக்கில் செலுத்திவிடலாம். புதிய செலவு ஏதுமில்லை.

இந்தப் பட்டியல் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.8 லட்சம் பேர், அதாவது 1.6 விழுக்காடு. உலக மக்களில் 16 விழுக்காட்டினர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. வரையறைகள் வேறு என்பதை ஒப்புக்கொண்டாலும், உலகைவிட நாம் பத்து மடங்கு திடமாக இருப்பதாக நான் நம்பவில்லை. மூப்பினால் பார்வையோ நடையோ குன்றியவர்கள் எந்த அட்டையிலும் இல்லை. அவர்களை அறிந்தவர்கள் அங்கன்வாடிப் பணியாளரும், கிராம சுகாதாரச் செவிலியரும், அந்தந்தப் பகுதியின் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினரும்தான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. பொதுப்பணி, மின்வாரியம், தீயணைப்பு, சுகாதாரம் என அதிகாரிகள் அமர்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும், அச்சங்கங்களின் பிரதிநிதிகள் இருவரையும் அந்த மேசையில் அமர்த்துவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆட்சியரின் அழைப்புக் கடிதம் போதும். கூட்டம் நடக்கும் அரங்கு மாடியில் இருந்தால் மட்டும், அதைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.