சீனத்துக் குவளையும் நமது ஹிஜாமாவும்

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய முதுகு முழுக்கக் கருஞ்சிவப்பு வட்டங்கள். "ஹஜ்ரத், சீன முறையில் கப்பிங் செய்துகொண்டேன். உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறிவிட்டதாம். இதுவும் ஹிஜாமாதானே? சுன்னத்தின் நன்மை கிடைக்குமா?" என்று கேட்டார்.

சீன மருத்துவம், நச்சு நீக்கம், நபிவழி என மூன்று விஷயங்கள் இந்தக் கேள்வியில் கலந்து கிடக்கின்றன. இன்றைய கப்பிங் வியாபாரமும் இந்தக் கலப்பில்தான் நடக்கிறது. ஆகவே மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளிலும் முதுகிலும் இதே வட்டங்களை உலகம் பார்த்தது. அதன் பிறகு கப்பிங் உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் சீனர்களுக்கு இது புதிதன்று. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹாங் என்ற சீன அறிஞர், அவசர சிகிச்சை பற்றிய தம் நூலில் விலங்கின் கொம்பை வைத்து உறிஞ்சும் முறையைக் குறிப்பிட்டுள்ளார். கொம்பின் இடத்துக்குப் பிற்காலத்தில் மூங்கில் வந்தது, பிறகு கண்ணாடிக் குவளை வந்தது.

செய்முறை எளிது. சாராயத்தில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குவளைக்குள் காட்டி எடுத்து, உடனே தோலின் மீது கவிழ்க்கிறார்கள். உள்ளே சூடான காற்று குளிரும்போது அழுத்தம் குறைந்து, தோலும் சதையும் மேலே இழுக்கப்படுகின்றன. 'சி' எனப்படும் உயிராற்றலும் இரத்தமும் தேங்குவதே வலிக்குக் காரணம், குவளை அந்தத் தேக்கத்தை உடைக்கிறது என்பது சீன மருத்துவத்தின் விளக்கம்.

அப்படியானால் அந்தக் கருஞ்சிவப்பு வட்டம் நச்சா? இல்லை. இழுவிசையில் தோலுக்கடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து இரத்தம் கசிந்ததன் அடையாளம் அது. அடிபட்ட இடம் கன்றிப்போவது போன்றதுதான். உடலின் கழிவுகளை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்கின்றன. கழுத்துவலி, முதுகுவலிக்குக் கப்பிங் சில காலம் இதம் தரலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகள் உறுதியாக முடிவு சொல்லும் அளவுக்கு வலுவானவை அல்ல.

பழைய நூலில் உள்ளது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். இதற்கு அந்த கே ஹாங்கின் நூலே சான்று. காய்ச்சலுக்கு ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி அதில் எழுதப்பட்டிருந்தது. சீன விஞ்ஞானி தூ யூயூ அந்தக் குறிப்பைக் கொண்டு 1971இல் மூலிகையைக் குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்துச் சோதித்தார். அதிலிருந்து கிடைத்த ஆர்ட்டெமிசினின் மலேரியாவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பழமை வழிகாட்டியது, அதை மெய்ப்பித்தது சோதனைதான்.

இனி நமது ஹிஜாமாவுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதும், தாமே செய்துகொண்டதும் தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் முறை. சீனத்திலும் குத்தி இரத்தம் எடுக்கும் வகை உண்டு. என்றாலும் மசாஜ் நிலையங்களில் பரவலாக நடப்பது கீறல் இல்லாத உலர் முறையே. ஆகவே இரண்டையும் ஒன்றென்று சொல்வது சரியன்று. அதே வேளையில், ஷிர்க்கோ ஹராமான பொருளோ கலக்காத வரை, எந்த நாட்டு மருத்துவமானாலும் நோய்க்கு நிவாரணம் தேடுவது ஆகுமானதே.

நம்மவர்களிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'சுன்னத்' என்று பலகை வைத்துவிட்டு, சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் ஹிஜாமாவே போதும், மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்வோர் நபிவழிக்குப் பெருமை சேர்ப்பதில்லை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி பதிவாகியுள்ளது. ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியும் குவளையும் இன்னொருவருக்குப் பயன்பட்டால் ஹெபடைடிஸ் பி, சி போன்ற நோய்கள் தொற்றலாம். நெருப்புக் குவளையால் தோல் வெந்துபோவதும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

அந்த இளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, வலி குறைந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நச்சு வெளியேறியது என்பதை நம்பாதீர்கள். அதை ஹிஜாமா என்றும் சொல்லாதீர்கள். அடுத்த முறை போகும் முன், குவளை வைப்பவர் என்ன படித்திருக்கிறார், கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று கேளுங்கள்."

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை இன்னொருவர் கையில் கொடுக்கும் முன் விசாரித்துக்கொள்வது நம் கடமை.