சாவியை வாங்குமுன் பேசிக்கொள்ள வேண்டியவை

நம் மஹல்லாக்களில் படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர்கள் பலர் லாரி ஓட்டும் தொழிலை நாடுகின்றனர். ஹலாலான உழைப்பு, அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களுக்கு வேலை தேடிச் செல்வோர் முதலாவதாகவும், பெரும்பாலும் இறுதியாகவும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு நடைக்கு எவ்வளவு படி?" தேவையான கேள்விதான். எனினும் அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு. நட்டம் நேர்ந்தால் அது யார் தலையில் விழும்?

டயர் வெடித்தால், சரக்கில் இரண்டு மூட்டை குறைந்தால், டீசல் கணக்கு ஒத்துவராவிட்டால், அவற்றையெல்லாம் ஓட்டுநரின் கூலியில் கழிக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் உள்ளது. நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் குஜராத்துக்கு மூன்று நடை சென்று திரும்பியபின் கணக்குப் பார்த்தபோது, அவர் பெற வேண்டிய தொகையைவிடக் கொடுக்க வேண்டிய தொகை மிகுந்திருந்தது. தேய்ந்துபோன டயர்கள் இரண்டு வழியில் வெடித்ததே காரணம். சேரும்போது இதுபற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை. முதலாளி அவரை ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பேசாத ஒப்பந்தத்தில் வலியவரின் வழக்கமே சட்டமாகிவிடுகிறது.

ஒருவரிடம் மட்டும் கூலிக்குப் பணியாற்றுபவரை ஃபிக்ஹு நூல்கள் 'அஜீர் காஸ்' என அழைக்கின்றன. அவர் வசமுள்ள வண்டியும் சரக்கும் அமானத்தாகும். கவனக்குறைவோ வரம்பு மீறலோ இல்லாதவரை, நேர்ந்த சேதத்துக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. போதையில் ஓட்டினாலோ, வழியில் டீசலை இறக்கி விற்றாலோ நிலைமை வேறு. அது கியானத், "எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்பது அல்லாஹ்விடம் பதிலாகாது.

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்கள் பணிக்கு அமர்த்தப்பட்ட நிகழ்ச்சியை சூரத்துல் கஸஸில் ஓதுகிறோம். பணியாளர் வலிமையும் நம்பகமும் உடையவராய் இருக்க வேண்டும் என்னும் 26ஆம் வசனத்தை முதலாளிமார்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். அடுத்த வசனத்தை அவ்வளவாகக் காட்டுவதில்லை. பணிக்காலம் எட்டு ஆண்டு. பத்தாக நிறைவு செய்வது பணியாளரின் விருப்பம். அவர்மீது சிரமத்தைச் சுமத்த நாட்டமில்லை என்று பணி கொடுப்பவர் தம் வாயாலேயே சொல்லும் வசனம் அது. நபியாகப் போகும் ஒருவரே நிபந்தனைகளைக் கேட்டு, உறுதி செய்துகொண்டு பணியில் சேர்ந்திருக்க, நம் தம்பிகள் கேட்கக் கூச்சப்படுவது ஏன்?

ஆகவே கேளுங்கள். நிறுவனத்தின் அலுவலகத்தில் மட்டுமன்றி, லாரிப்பேட்டைத் தேநீர்க் கடையிலும் கேளுங்கள். அங்கு இப்போது பணியாற்றுபவரைவிட, பணியை விட்டு விலகியவரே விவரமாகச் சொல்வார். கடைசிக் கணக்கை எத்தனை நாளில் தீர்த்தார்கள், விபத்து நேர்ந்தபோது ஜாமீனுக்கு ஆள் வந்தாரா, தொலைபேசியை எடுத்தார்களா என்று விசாரியுங்கள். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் இட்டால் எஃப்.சி.யும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா என்பது தெரிந்துவிடும். காப்பீட்டில் ஓட்டுநருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டப்பட்டுள்ளதா என்பதைத் தனியே கேட்க வேண்டும். டயர்களைக் கண்ணால் பாருங்கள். பெருந்தொகை முன்பணம் தந்து அழைப்போரிடம் நிதானம் தேவை. அக்கடன் தீரும்வரை வேலையை விட்டு விலக இயலாது. அசல் உரிமத்தை அடகுபோல வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேரவே வேண்டாம்.

அதிக பாரம் ஏற்றுவது குறித்தும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஓட்டியவரும் குற்றவாளி, ஓட்டச் செய்தவரும் குற்றவாளி. ஆனால் சாலையில் அதிகாரி முன் நிற்பவர் ஓட்டுநர் ஒருவரே.

ஏற்றும் சரக்கு என்ன என்பதும் நமக்கு முக்கியம். மது தொடர்பாகச் சபிக்கப்பட்டோரில் அதைச் சுமந்து செல்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். மது ஆலைகளுக்கு வண்டி விடும் நிறுவனமா என்பதைச் சேருமுன் அறிந்துகொண்டால், பாதி வழியில் மனச்சாட்சியோடு போராட வேண்டியிராது.

தொழுகைக்கு வண்டியை நிறுத்த விடுவார்களா என்று தயங்கிக் கேட்போர் உண்டு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வகுத்தது. தொடர்ந்து 5 மணி உழைத்தபின் அரை மணியேனும் ஓய்வு தரச் சொன்னது. கஸ்ராகச் சுருக்கித் தொழும் பயணிக்கு அந்த அரை மணியில் ளுஹர் தாராளமாய் அடங்கும். அதையும் தர மறுப்பவர் தூக்கத்தையும் தர மாட்டார். ரமளானில் பயணிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை உண்டு. ஆனால் களா நோற்க வீட்டில் நாள்கள் வேண்டுமே? மாதத்தில் எத்தனை நாள் ஊர் திரும்பலாம் என்பதையும் அப்போதே பேசி முடிக்க வேண்டும்.

புதிதாக உரிமம் பெற்றவரை முதல் நாளே தனியே அனுப்பும் நிறுவனத்தைவிட, மூத்த ஓட்டுநர் ஒருவருடன் சில மாதங்கள் இரண்டாம் ஓட்டுநராக அனுப்பும் நிறுவனம் படியைக் குறைத்துத் தந்தாலும் அதுவே மேல் என்பது நம் கருத்து. கிளீனரும் இல்லாத வண்டிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இது பெரிய வாய்ப்பு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாய் இறக்கத்தில், டீசலை மிச்சப்படுத்த வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் முன்செல்லும் வாகனங்கள்மீது மோதிய லாரிகள் பல. டீசல் கணக்கில் கூலியைப் பிடிக்கும் நிறுவனத்தில் சேர்ந்த புதியவருக்கு, அந்த இறக்கத்தில் கியரை மாற்றாதே என்று சொல்ல அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.